கட்டிலுக்கு அடியில் இரண்டு சட்டங்கள்

ஆளைத் தூக்குகிற மெஷின் என்று சொல்லிக் கொண்டுவந்து இறக்கினார்கள். பார்த்த மாத்திரத்தில் முக்காலிக்கு அதன் மேல் நம்பிக்கை போய்விட்டது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அதற்கு அடியில் நாலு சக்கரம் இருந்தது.

கனத்தைத் தூக்குகிற சாமானுக்குச் சக்கரம் எதற்கு? உடம்பில் தெம்பு இருந்த காலமெல்லாம் அவர் ஓர் ஆலையில் கனம் தூக்கியவர். மோட்டார் புகைந்தாலும் பம்பு மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாக நட்டு, உச்சியில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டு, எப்பேர்ப்பட்ட கனத்தையும் அலுங்காமல் மேலே கொண்டுவந்துவிடுவார். அந்தக் குழாய்க் கூம்புக்குப் பெயர் முக்காலி. அதை நட்டு நட்டு அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது.

முக்காலியின் கால் தரையில் அசையக் கூடாது. அசைந்தால் அடியில் நிற்கிறவன் சாயங்காலம் வீட்டுக்குப் போகமாட்டான். அவர் கற்ற பாடம் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கற்றது அதைவிடக் குறைவு.

மெஷின் வந்தது அவர் மனைவிக்காக. பக்கவாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. 'ஆ' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். சந்தோஷத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். படுத்த இடத்தில் படுத்திருந்தால் முதுகு புண்ணாகிவிடும், அடிக்கடி புரட்டிப் போட வேண்டும், பகலில் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். முக்காலி அக்குளில் கை கொடுத்துத் தானே தூக்கினார். கொஞ்ச நாள் ஓடியது. ஒரு நாள் அவளோடு சேர்ந்து அவரும் தரையில் விழுந்தார். அவளுக்குத் தோளில் ரத்தம் கட்டியது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரையும் மாடிவீட்டு டெய்லர் வந்துதான் எழுப்பினார்.

அதோடு மகள் முடிவு கட்டிவிட்டாள்.

"அப்பா, அம்மாவை முதியோர் இல்லத்துல விட்ரலாம். நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். சுத்தமா இருக்கு, ஆளுங்க இருக்காங்க."

"நானும் ஆளுதான்."

"நீங்க விழுந்த ஆளு."

 பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வீடு வீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் ஒருத்தி மெஷினையும், பக்கக் கம்பியும் பிரேக்கும் வைத்த கட்டில் ஒன்றையும் இரவலாக அனுப்புவாள். எப்படித் தூக்குவது என்று சொல்லித் தருவாள். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாள். முக்காலி ஒழுங்காகத் தூக்கினால் மனைவி வீட்டில் இருப்பாள். இல்லையென்றால் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற இல்லத்துக்குப் போவாள். பார்வை நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கட்டிய மனைவியைப் பார்ப்பதற்கு ஒரு நேரம் வைத்து, அதற்கு ஒரு வாட்ச்மேனையும் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த இடம் எப்பேர்ப்பட்ட இடமாக இருக்கும் என்று முக்காலி யோசித்தார்.

நர்ஸ் சின்ன வயசுக்காரி. வந்ததும் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, வேலையில் இறங்கிவிட்டாள். பேச்சும் வேகம், கையும் வேகம். வேகமான ஆட்களை முக்காலிக்குப் பிடிக்காது.

"இது ஸ்லிங். இதுலதான் அம்மா உக்காருவாங்க."

"ஸ்லிங்கா? எங்க ஆலையில ஸ்லிங்னா இரும்புக் கயிறும்மா. இது குழந்தையைப் போடுற தூளி."

"சரி, தூளின்னே வெச்சுக்குங்க. இந்த ரெண்டு வாலும் தொடைக்கு அடியில வந்து, குறுக்க மாறி, மேல கொக்கியில மாட்டணும். தோள் பக்கம் சின்ன வளையம், கால் பக்கம் பெரிய வளையம்."

"ஏன், நாலும் ஒரே அளவா இருந்தாத்தானே சமமாத் தூக்கும்?"

"சமமாத் தூக்கினா அம்மா படுத்த மாதிரி வருவாங்க ஐயா. உக்காந்த மாதிரி வரணும்."

இது அவருக்குப் பாதி புரிந்தது. அடுத்ததுதான் துளிகூடப் புரியவில்லை.

"கட்டிலுக்கு பிரேக் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"மெஷின் பிரேக்கை எடுத்துடுங்க."

"எடுக்கணுமா, போடணுமா?"

"எடுக்கணும். தூக்கும்போது மெஷின் சக்கரம் ஃப்ரீயா இருக்கணும்."

"தெரிஞ்சுதான் பேசுறியா? ஆளை அந்தரத்துல தொங்கவிட்டுட்டு சக்கரத்தை யாராவது அவுத்து விடுவாங்களா?"

"அது தானா இடம் பாத்து நிக்கும் ஐயா."

"அது என்ன மாடா, அவுத்துவிட்டா தானா தொழுவத்துக்குப் போறதுக்கு?"

"அப்பா, அவங்க சொல்றதைக் கேளுங்க. அவங்க தினம் செய்யறவங்க," என்றாள் மகள்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தினாள். மெஷினின் கை மெல்ல உயர்ந்தது. தூளி இறுகியது. மனைவியின் உடம்பு மெத்தையை விட்டுக் கிளம்பியது. அந்த நேரத்தில், யாரும் தொடாமல், யாரும் தள்ளாமல், மெஷின் தானாக இரண்டு விரல்கடை நகர்ந்தது.

முக்காலி பாய்ந்துபோய் அதன் தண்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார்.

"ஐயா, விடுங்க, விடுங்க. ஒண்ணும் இல்ல."

"நகருது."

"நகரட்டும்."

"என்னது, நகரட்டுமா?"

மகளைப் பார்த்தார். அவள் அம்மாவின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவியைப் பார்த்தார். அவள் தூளிக்குள் சாய்ந்து, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.  தனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதா, இல்லை இத்தனை பேருக்கும் சேர்ந்தாற்போல் கெட்டுவிட்டதா என்று அவருக்கு விளங்கவில்லை.

நர்ஸ் போன பிறகு அவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்டின் மேல் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. எந்த மெஷினையும் வேலை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று அதை அழுத்தி வைத்தார். மறுநாள் காலையில் மெஷின் செத்துக் கிடந்தது. எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை. மகளுக்குப் போன் போட்டு, இரவல் சாமான் ஒரே நாளில் படுத்துவிட்டது, அதனால்தான் இரவல் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார். மகள் நர்ஸிடம் கேட்டு, சிவப்புப் பட்டனைத் திருகி விடச் சொன்னாள். திருகினார். உயிர் வந்தது. நின்றதற்கும் கெட்டதற்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி ஒரு மெஷினைச் செய்தவனை அவர் வாய்விட்டு வைதார்.

சக்கரம்தான் அவரை விடவில்லை. பிரேக்கைப் போட்டால் நர்ஸ் வந்ததும் பார்த்துவிடுவாள். பிரேக் மிதி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அவள் குனிந்து பார்ப்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே வேறு வழி பார்த்தார். பரணில் கிடந்த பழைய பெட்டியை உடைத்து இரண்டு மரச்சட்டம் எடுத்தார். கட்டிலுக்கு அடியில், நீளவாக்கில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டில் காலோடு கம்பி போட்டு முறுக்கினார். முன்சட்டத்தின் விளிம்பை உளியால் சரிவாகச் சீவினார். மெஷினின் கால்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் முன்சக்கரம் இரண்டும் முதல் சட்டத்தின் மேல் ஏறி, நடுவில் இருக்கிற பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் யார் தள்ளினாலும் அசையாது. பிரேக் போடாத மாதிரி மிதி மேலேயே இருக்கும். மேலே போர்வையைக் கொஞ்சம் தாழத் தொங்கவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் மறுத்துப் பேசுவார்கள். அந்தப் பாடு எதற்கு?

மனைவியைத் தூக்குவதற்கு முன்னால் வேறு கனத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆலை வழக்கம் அது. மனைவியைக் கட்டிலின் ஓரமாகப் புரட்டி ஒதுக்கிவிட்டு, டெய்லரைக் கூப்பிட்டார். டெய்லர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். வாய் ஓயாத மனுஷன். ஊர்க் கதை எல்லாம் அவர் தையல் மெஷின் வழியாகத்தான் போகும் என்பது முக்காலியின் எண்ணம். ஆனால் எடை ஏறக்குறைய சரியாக இருந்தது.

டெய்லர் முதலில் தூளியைப் புரட்டிப் பார்த்தார். "தையல் நல்லா இருக்கு அண்ணே. ரெட்டைத் தையல். இதுல யானையையே தூக்கலாம்."

"யானை வேண்டாம். நீ படு."

"அண்ணி பக்கத்துலயா? அண்ணி, கோவிச்சுக்காதீங்க, இது உங்க வீட்டுக்காரர் பண்ற அநியாயம்."

மனைவி 'ஆ' என்றாள்.

வளைய விஷயத்தில் அவருக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு தடவை நாலையும் ஒரே அளவில் மாட்டிப் பார்த்தால்தான் என்ன என்று மாட்டினார். பட்டனை அழுத்தினார். டெய்லரின் கால் இரண்டும் முகத்துக்கு நேராக மேலே போயின. தலை பின்னுக்குச் சரிந்தது.

"அண்ணே, ரத்தமெல்லாம் மூளைக்கு வருது."

"வரட்டும், அங்க காலியாத்தானே இருக்கு."

இறக்கி, நர்ஸ் சொன்ன மாதிரி மாற்றி மாட்டினார். இந்தத் தடவை டெய்லர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியே கிளம்பினார். மெஷின் அசையவில்லை. முக்காலிக்குத் திருப்தி. ஆனால் மெத்தையை விட்டுக் கிளம்பிய நொடியில் டெய்லர் ஒரு பக்கமாக வீசிக்கொண்டு போய், முக்காலியின் சட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டார். பித்தான் ஒன்று தெறித்தது.

"யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு அண்ணே."

"தொங்குற எதுவும் ஆடத்தான் செய்யும். பயந்தாங்கொள்ளி."

"பித்தானை நானே தெச்சுத் தர்றேன். என்னைக் கீழ விடுங்க."

சாயங்காலம் மகள் வேலையிலிருந்து நேராக வந்தாள். தூளியை அம்மாவுக்கு அடியில் நுழைத்து, வளையங்களை மாட்டினார்கள். முக்காலி பட்டனை அழுத்தினார். உடம்பு மெத்தையை விட்டு எழும்பியது. எழும்பியதுதான் தாமதம், மனைவி உயிர் இருக்கிற இடது கையை நீட்டி, கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விரல் முட்டிகள் வெளுக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

"அம்மா, விடும்மா. ஒண்ணும் ஆகாது."

'ஆ' என்றாள். விடவில்லை. இறக்கினார்கள். இறக்கியதும் கையை விட்டுவிட்டாள். மறுபடி தூக்கினார்கள். மறுபடி பிடித்தாள். அடுத்த நாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும் அதே கதை.

"அம்மாவுக்கு இது பிடிக்கலைப்பா," என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு தெளிவா சொல்றாங்க பாருங்க. வாய்தான் இல்ல."

"நர்ஸு தூக்கின அன்னைக்கு சும்மாதானே இருந்தா?"

"அன்னைக்கு என்னன்னே தெரியாம இருந்திருப்பாங்க. இப்ப தெரிஞ்சு போச்சு."

மகள் போன பிறகு அவர் மனைவியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தா, இங்க பாரு. மெஷின் வேண்டாம்னா கண்ணை மூடு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"வேணும்னா கண்ணை மூடு."

அதற்கும் மூடித் திறந்தாள்.

"இல்லத்துக்குப் போறியா? போறேன்னா மூடு."

அவள் கண்ணை மூடவில்லை. திறந்தும் வைக்கவில்லை. பாதிக் கண்ணால் அவரையே பார்த்தாள். இதற்கு என்ன அர்த்தம் எடுப்பது? கல்யாணமான நாளிலிருந்து அவள் மனசு தனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தார். அதைப் பற்றி அவளிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. ஒருவேளை வீட்டைவிட்டுப் போகத்தான் ஆசைப்படுகிறாளோ? விழுந்த ஆளை நம்பி இருப்பதைவிட ஆட்கள் இருக்கிற இடமே மேல் என்று நினைக்கிறாளோ? அப்படியானால் கட்டில் கம்பியை ஏன் பிடிக்கிறாள்? போக விரும்புகிறவள் கட்டிலையா பிடித்துக்கொள்வாள்? எந்தப் பக்கம் யோசித்தாலும் போய் முட்டிக்கொண்டு திரும்பினார்.

மகள் நர்ஸிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நர்ஸ் சொன்ன பதிலை வந்து அப்படியே சொன்னாள். விருப்பம் இல்லாத ஆளை மெஷினில் கட்டித் தூக்குவது தப்பு. வெள்ளிக்கிழமையும் அம்மா இப்படியே கம்பியைப் பிடித்தால் வீடு சரிப்படாது. இல்லத்தில் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், கையாலேயே பார்த்துக்கொள்வார்கள். இடம் ஒன்று காலியாக இருக்கிறது, சொல்லி வைத்துவிடுங்கள்.

"சொல்லி வெச்சிருக்கேன்பா," என்றாள் மகள்.

வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்தாள். மகள் லீவு போட்டிருந்தாள். கூப்பிடாமலே டெய்லரும் வந்து வாசல்படியில் சாய்ந்துகொண்டார். முக்காலி சலவைச் சட்டை போட்டிருந்தார். மனைவிக்குத் தலை வாரி, முகம் துடைத்திருந்தார்.

"இன்னைக்கு நான் கை வைக்க மாட்டேன். நீங்க செய்யுங்க ஐயா, நான் பாக்கறேன்."

அவர் செய்தார். புரட்டினார், தூளியை நுழைத்தார், மறுபக்கம் புரட்டி இழுத்தார், வால்களைத் தொடைக்கு அடியில் குறுக்காக மாற்றினார். எல்லாம் சரியாக இருந்தது. நர்ஸ் தலையை ஆட்டினாள். மெஷினை உள்ளே தள்ளும்போது மட்டும் அது ஒரு குதி குதித்தது.

"என்ன, எதுலயோ இடிக்குது?"

"தரை ஓடு ஒண்ணு தூக்கிட்டு இருக்கு," என்றார். பொய் சொல்லும்போது அவருக்குக் குரல் கெட்டியாகிவிடும். நர்ஸ் குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தாள். மேலேதான் இருந்தது.

பட்டனை அழுத்தினார். மனைவி எழும்பினாள். இடது கை நீண்டது. கம்பியைப் பிடித்தது.

"இறக்குங்க," என்றாள் நர்ஸ். இறக்கினார். "இன்னொரு தடவை." தூக்கினார். மறுபடி பிடித்தாள்.

நர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் மனைவியின் கன்னத்தைத் தொட்டாள். "அம்மா, பயமா இருக்கா? வேண்டாமா?"

'ஆ.'

நர்ஸ் மகளைப் பார்த்தாள். மகள் தலை குனிந்துகொண்டாள். இரண்டு பேரும் வாயைத் திறக்காமலே பேசி முடித்துவிட்டது முக்காலிக்குத் தெரிந்தது.  பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அவர் மனைவியின் கையைப் பார்த்தார்.

பயந்தவன் பிடிக்கிற பிடி அவருக்குத் தெரியும். எதைப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் பிடிப்பான். பிடித்தால் செத்தாலும் விடமாட்டான். இவள் அப்படிப் பிடிக்கவில்லை. இறுக்கிப் பிடித்தாள், கொஞ்சம் தளர்த்தினாள், உடம்பு ஆடி வந்ததும் மறுபடி இறுக்கினாள். இந்தப் பிடியை அவர் எங்கோ பார்த்திருக்கிறார். எங்கே? ஆலையில், கனம் மேலே தொங்கும்போது, அது வீசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதாமல் இருக்க, கீழே ஒருத்தன் வழிக்கயிறு பிடித்துக்கொண்டு நிற்பான். கயிற்றை விட்டும் பிடித்தும் ஆட்டத்தை அடக்குவான். அச்சு அசல் அந்தப் பிடி.

அவள் கட்டிலைப் பிடிக்கவில்லை. ஆட்டத்தைப் பிடிக்கிறாள்.

நிமிர்ந்து மேலே பார்த்தார். கொக்கியிலிருந்து தூளியின் வார்கள் நேராக இறங்கவில்லை. சாய்ந்து இறங்கின. கொக்கி ஓர் இடத்தில், அவள் ஓர் இடத்தில். கொக்கி கனத்துக்கு நேர் மேலே இல்லாவிட்டால் கனம் வீசும். இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். கனத்தை இழுத்துக் கொக்கிக்குக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் கொக்கி கனத்துக்கு மேலே போக வேண்டும். அவளை இழுக்க முடியாது. கொக்கிதான் போக வேண்டும். அது போக முடியாதபடி கட்டிப்போட்டது யார்?

அவர் மெல்ல அவளை மெத்தையில் இறக்கினார். வளையங்களைக் கழற்றினார். மெஷினை வெளியே இழுத்தார். அது ஒரு குதி குதித்து வந்தது. அப்புறம் மகளைப் பார்த்து, "கட்டிங் பிளேயர் எடுத்தா," என்றார்.

"எதுக்குப்பா?"

"எடுத்தான்னா எடுத்தா."

அவர் தரையில் மண்டி போட்டார், குப்புறப் படுத்தார், சலவைச் சட்டையோடு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். வெளியே அவர் கால் மட்டும் தெரிந்தது.

"ஐயா, என்ன பண்றீங்க? உடம்புக்கு ஏதாவது?"

கம்பி அறுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு சட்டம் வெளியே சறுக்கி வந்து நர்ஸின் காலடியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு முக்காலி வரவில்லை.

"அப்பா?"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

டெய்லர் வந்து இரண்டு காலையும் பிடித்து, துணிக்கட்டை இழுக்கிற மாதிரி இழுத்து வெளியே போட்டார். முக்காலி தரையில் உட்கார்ந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். நர்ஸ் சட்டத்தைக் கையில் எடுத்து, சீவிய விளிம்பைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"இதை யார் போட்டது?"

"நான்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"சக்கரத்தை அவுத்து விடச் சொன்ன."

"அப்புறம்?"

"நம்பலை."

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, அம்மா விழுந்திருந்தா?"

"விழக் கூடாதுன்னுதான் போட்டேன்."

"எனக்கு ஒண்ணும் புரியல," என்றாள் மகள். "அம்மாவுக்குப் பிடிக்கலைன்னு நான் அங்க இடமே சொல்லி வெச்சிட்டேன்."

"எனக்கும்தான் புரியல," என்றார் முக்காலி. "இந்தம்மா அன்னைக்கே, கொக்கி ஆளைத் தேடிப் போகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆகியிருக்கும்."

"அதைத்தானே ஐயா சொன்னேன். தானா இடம் பாத்து நிக்கும்னு."

அவர் அந்த வாக்கியத்தை மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். ஆமாம், அதைத்தான் சொல்லியிருக்கிறாள். அதே வார்த்தை அன்றைக்கு ஏன் பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது, இன்றைக்கு ஏன் நியாயமாகக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே எழுந்து நின்றார்.

"இன்னொரு தடவை தூக்குங்க," என்றாள் நர்ஸ். சட்டம் இரண்டையும் அவள் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தாள், திருப்பித் தருகிற உத்தேசம் இல்லாதவள் மாதிரி.

மெஷின் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வளையங்களை மாட்டினார். பட்டனை அழுத்தினார். தூளி இறுகியது. மெஷின் தானாக நகர்ந்தது. அவருடைய இடது கை அவரைக் கேட்காமலே தண்டைப் பிடிக்கக் கிளம்பியது.

"கையை எடுங்க."

எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மெஷின் நின்றது. வார்கள் நேராக இறங்கின. மனைவி ஆடாமல் மேலே வந்தாள். அவளுடைய இடது கை வயிற்றின் மேல் கிடந்தது. கம்பிப் பக்கம் போகவே இல்லை.

 

சக்கர நாற்காலியில் இறக்கி, தூளியை உருவி எடுத்த பிறகுதான் மகள் கேட்டாள்: "இல்லத்துக்கு என்ன சொல்லட்டும்?"

நர்ஸ் முக்காலியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லுங்க. அம்மாகிட்ட ஒரு பிரச்சனையும் இல்ல. பிரச்சனை ஐயாகிட்ட. இவர் தனியா தூக்கக் கூடாது. பக்கத்துல இன்னொரு ஆள் நின்னு பாக்கணும். கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு பாக்கணும்."

"காலையில நான் ஆபீஸ் போகணுமே."

"நான் இருக்கேன்," என்றார் டெய்லர் வாசல்படியிலிருந்து. "மாடியிலதானே தெக்கிறேன். ஒரு குரல் குடுத்தா வந்துடுவேன். தொங்கின அனுபவமும் இருக்கு."

முக்காலிக்கு இல்லம் என்றால் என்ன என்று தெரியாது. டெய்லர் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். தினமும் இந்த மனுஷன் வந்து, குனிந்து பார்த்து, பார்த்ததை ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். 

"காலையில வெள்ளனவே வந்துடு," என்றார்.

"அண்ணே, நீங்களா கூப்பிடறீங்க?"

"பேசாம வா. வரும்போதும் பேசாத."

நர்ஸ் கையைக் கழுவப் போனாள். அப்போது மனைவி இடது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை நீட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் கேட்கிறாளா என்று மகள் டம்ளரைக் கொண்டுவந்தாள். விரல் இறங்கவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள் என்றார் டெய்லர். திறந்தார்கள். அதுவும் இல்லை. ஃபேன், ரேடியோ, செருப்பு என்று ஆளாளுக்கு ஒன்றைக் காட்டிக் கேட்டார்கள். விரல் ஒரே திக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. முக்காலி நாற்காலியை அந்தத் திக்கில் தள்ளினார். வழியில் இருந்தது சமையலறை ஒன்றுதான்.

நிலைப்படியில் நாற்காலி நின்றது. அவள் படுத்ததிலிருந்து அந்த அறையைப் பார்க்கவில்லை. அடுப்புத் திட்டில் பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடிப்பிடித்த சட்டி ஒன்று தண்ணீர் ஊற்றி வைத்தபடி ஊறிக்கொண்டிருந்தது. கரண்டிகள் எல்லாம் வாளிக்குள் இருந்தன. அவருக்கு அது வசதி.

அவள் நிதானமாக ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் பார்த்தாள். அப்புறம் விரல் அந்தச் சட்டிக்குப் போய் நின்றது.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றாள் மகள் பின்னாலிருந்து.

முக்காலி உள்ளே போனார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கொஞ்சம் தேய்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். விரல் இன்னும் இறங்கவில்லை. மறுபடி தேய்த்தார்.